வட்டியும் பட்டமும்

இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்ந்தது. அதுவரை விலைவாசி உயர்வைத் தாண்டாதிருந்த மாணவர் கடன் வட்டி, அதற்கு மேலும் 3 சதவீதம் வரை ஏறியது. வட்டியை ஹராம் என்று விலக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இக்கடன் சிக்கலானது.

மார்க்க அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஒப்பந்தத்தில் வட்டி என்றிருந்தால் அது வட்டிதான் என்பது ஒரு சாரார் முடிவு. நிர்ப்பந்தம் கருதி அனுமதிக்கலாம் என்போரும் உண்டு. பட்டப்படிப்பு அவ்வளவு பெரிய நிர்ப்பந்தமா என்பதில்தான் இழுபறி. இன்னொரு தரப்பு கடனின் இயல்பையே கேள்விக்குள்ளாக்குகிறது. வருமானம் வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 9 சதவீதம் பிடிக்கப்படும். வேலை போனால் பிடித்தம் நிற்கும். 2012 முறையில் 30 ஆண்டுக்குப் பின் பாக்கி தள்ளுபடி. ஆகவே இது வரிக்கே நெருக்கம் என்பது அவர்கள் வாதம். கனமான வாதம்தான். ஆனால் நல்ல சம்பளக்காரர் வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்டுவதற்கு அதில் பதிலில்லை.

கடனைத் தவிர்க்கும் வழிகளும் எளிதல்ல. சேமிப்பும் உறவினர் வட்டியின்றித் தரும் அழகிய கடனும் வசதியுள்ள வீடுகளுக்கே எட்டும். முதலாளியே கட்டணம் செலுத்தும் பட்டப் பயிற்சியில் விரும்பிய பாடம் கிடைப்பது உறுதியில்லை.

2014இல் அரசு கடனுக்கு மாற்றாகத் தகாஃபுல் எனும் பரஸ்பர உதவி முறையை முன்வைத்தது. மாணவர் பொது நிதியிலிருந்து பெற்று, பின்னாளில் அடுத்தவருக்காக அதே நிதிக்குப் பங்களிப்பார். கட்டும் தொகை மற்றவர்களுடையதற்குச் சமம். மாறுவது ஒப்பந்தமும் நோக்கமும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அதிகாரம் தந்தது. 2023இல் புதிதாகச் சேர்ந்தோருக்கு வட்டி விலைவாசி அளவுக்கு இறங்கி, தள்ளுபடிக் காலம் 40 ஆண்டாக நீண்டது. மாற்று நிதி அப்போதும் நடைமுறைக்கு வரவில்லை.