ஓவியத்தின் மூலையில் ஒரு பெயர்

கணவனும் மனைவியும் ஒரு கலைக்காகவே வாழ்ந்தால், படைப்பு யாருடையது?

ஆஞ்சலோ த பொன்சேக்கா 1902இல் கோவாவில் பிறந்த கத்தோலிக்கர். மருத்துவப் படிப்பை விட்டுச் சாந்திநிகேதன் சென்று ஓவியம் பயின்றவர். தேவமாதாவைச் சேலை உடுத்த இந்தியப் பெண்ணாகத் தீட்டினார். நம்மவர்களே அதைத் தாங்கவில்லை. கண்டனம் எழவே, கோவாவை விட்டுப் பூனாவில் ஓர் ஆசிரமத்தில் இருந்து வரைந்தார். 1967இல் மறைந்தார்.

அவருடைய படங்கள் பலவற்றில் மரியாளுக்கு இருப்பது மனைவி ஐவியின் முகம். கணவர் போனபின் நூற்றுக்கணக்கான ஓவியங்களைச் சிதறவிடாமல் பல்லாண்டு காத்து, கோவாவில் இயேசு சபையாரின் ஆய்வு மையத்திடம் ஒப்படைத்தவரும் அவரே. படத்தின் மூலையில் உள்ளதோ கணவர் பெயர் மட்டும்.

ஐவியும் ஓவியர்தான் என்று சொன்னால் அது வெறும் முகமன். தூரிகை பிடித்தவர் கணவர். ஆனால் காப்பது படைப்பதிலும் தாழ்ந்தது என்று யார் அளந்தது?

நம் பக்கத்தையே பார்ப்போமே. உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் வீட்டில், வேளாண்மைக்காரர் என்ற பேர் புருஷனுக்கு. விதைநெல்லை எலிக்கும் ஈரத்துக்கும் கொடாமல் அடுத்த போகம்வரை காப்பவள் மனைவி. சோறு குறைந்த நாளிலும் அந்த மூட்டையை அவிழ்க்கமாட்டாள். அவளைக் கேட்டால், "அவர்ர வயல்" என்பாள். அந்தப் பணிவைக் கோயிலில் புகழ்கிறோம். காணிப் பத்திரம் எழுதும்போது அதையே சாட்சியாகவும் எடுத்துக்கொள்கிறோம்.