பாவம் யாருடையது, பாதை யாருடையது

எங்கள் குடும்பத்தில் ரோசாப்பூ என்று ஒரு தாத்தா இருந்தார். மீசைக்கார மனிதருக்கு இந்தப் பெயரா என்று, நான் இப்போது இருக்கும் மலைக் கிராமமான பூண்டியில் சிரிப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் சிரிக்க மாட்டார்கள். ரேகைச் சட்டம் என்று எங்கள் ஆட்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம், பிரமலைக் கள்ளர்களான எங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து வைத்திருந்த காலத்தில் எங்களுக்காக வாதாடியவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களைப் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு, மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த ஜனங்களின் பக்கம் நின்றவர் அவர். எங்கள் ஆட்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். 1887இல் செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறித்தவர் அவர். எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் படித்தவர்.

வாத்தியார் வேலைக்கு இந்த மலை ஏறிய நான் ஓய்வுக்குப் பிறகும் இறங்கவில்லை, பூண்டு போடுகிறேன். அறுத்த பூண்டைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, சட்டம் படிக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவன் வைக்கத்துக்குத் தாவினான்.

"காந்தி சொன்னது நியாயம்தானே சார்? நம்ம வீட்டு அழுக்கை நாமதானே கழுவணும்?"

1924 மார்ச் 30இல் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்ற தடைக்கு எதிரான போராட்டம் அது. ஜோசப் முன்னால் நின்றார். ஏப்ரல் 6 அன்று காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார்: இதை இந்துக்களிடம் விட்டுவிடுங்கள், தூய்மைப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். அதே மாதம் ஜோசப் கைதானார்.

காந்தியின் பேச்சு பக்திமான் பேச்சு. பாவம் செய்தவனுக்குப் பதிலாக இன்னொருவன் பட்டினி கிடந்தால் அது பிராயச்சித்தம் ஆகாது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பையனிடம் கேட்டேன். அந்தத் தெருவில் கிறித்தவரும் முஸ்லிமும் தாராளமாக நடக்கலாம் என்பது உனக்குத் தெரியுமா? ஜோசப் அங்கே நடந்து போனால் யாரும் மறிக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவனை மட்டும் மறிப்பார்கள். தன்னை விட்டு அவனை நிறுத்துகிற தெருவில் நடக்கிறவர் எப்படி வெளியாள் ஆவார்? சலுகை வாங்கியவருக்கும் அந்தத் தடையில் பங்கு உண்டு. பிராயச்சித்தம் அவருடையது இல்லை என்றாலும் எதிர்ப்பு அவருடையதுதான்.

பையன் கொஞ்சம் யோசித்தான். "கோர்ட்டுல ஜெயிச்சா மனசு மாறிடுமா சார்?"

மாறாது. 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள்தான் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. திருவிதாங்கூரில் கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. மனசு மாறுகிற வேகம் அவ்வளவுதான். அதற்காக, நடக்கக் காலெடுத்தவனைப் பார்த்து "பொறு" என்று சொல்ல எந்தச் சமயத்துக்கும் அதிகாரம் கிடையாது. வருந்த வேண்டியவர்கள் நிதானமாக வருந்தட்டும். வழக்காடத் தெரிந்தவர், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அதுவரை வழக்காடட்டும்.