எட்டு வசனங்கள்

மோசே இறந்தார், அவரை அடக்கம் செய்த இடம் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்று தோராவின் கடைசிப் பகுதி சொல்கிறது. தோராவைக் கடவுள் சொல்ல மோசே எழுதினார் என்பது யூத மரபின் நம்பிக்கை. அப்படியானால் தம் சாவைத் தாமே எழுதினாரா?

யாரோ நாத்திகர் கேட்ட கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். யூத ஆசாரியர்களே இதைத் தால்மூதில் விவாதித்திருக்கிறார்கள். கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்றார் ஒருவர். இல்லை, கடவுள் சொல்லச் சொல்ல மோசேதான் கண்ணீரோடு எழுதினார் என்றார் இன்னொருவர். கதை எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, இரண்டாவது விடையை என்னால் மறக்க முடிவதில்லை. இரண்டையும் தால்மூத் பத்திரமாக வைத்திருக்கிறது.

அந்தத் தாராளம் பின்னால் சுருங்கிற்று. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் வகுத்த 13 கோட்பாடுகளில், தோரா முழுவதும் கடவுளிடமிருந்து வந்தது என்பதும் ஒன்று.

மான்செஸ்டரில் பிறந்த யூத குரு லூயி ஜேக்கப்ஸ் 1957-இல் ஒரு புத்தகம் எழுதினார். தோராவில் தெய்வம் உண்டு, ஆனால் அது மனிதர் கை வழியாகவே வந்தது என்பது அவர் கட்சி. 1961-இல், குருமார்களைப் பயிற்றும் லண்டன் கல்லூரிக்கு அவர் முதல்வராவதைத் தலைமை குரு இஸ்ரேல் பிராடி தடுத்தார். 1964-இல் பழைய ஜெபாலயத்துக்குத் திரும்பவும் விடவில்லை. அங்கிருந்தவர்களில் பலர் வெளியேறி அவருக்காகப் புதிய ஜெபாலயம் கண்டார்கள்.

பிராடியைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னதை உண்ணாதே, இன்ன நாளில் வேலை செய்யாதே என்ற கட்டளைகளுக்காக எத்தனையோ தலைமுறைகள் அடிபட்டிருக்கின்றன. சொன்னது கடவுளல்ல, மனிதர்தாம் என்றால் அத்தனை பேரும் யாருக்காக அடிபட்டார்கள்? இது எளிய கேள்வியா?

ஆனால் ஜேக்கப்ஸைப் பாருங்கள். நம்பிக்கை தளர்ந்தால் கட்டு அவிழ்ந்துவிடும் என்று பயந்தார்கள். அவரோ கட்டை அவிழ்க்கவே இல்லை. ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் கடைப்பிடித்தே வாழ்ந்தார். மனத்திலிருந்ததை வாய்விட்டுச் சொன்னதுதான் அவர் செய்த பிழை. மௌனமாக இருந்திருந்தால் முதல்வர் நாற்காலி கிடைத்திருக்கும். அந்த மௌனத்தைப் பக்தி என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

2003-இல் பேத்தியின் திருமணத்தையொட்டி அவர் போர்ன்மத் ஜெபாலயத்துக்குப் போயிருந்தார். தோரா வாசிப்பின்போது வீட்டுப் பெரியவரை அழைத்து ஆசி மொழியச் செய்வது வழக்கம். எண்பதைக் கடந்த தாத்தாவை அழைக்கவில்லை. மெய்யான தோராவைத் தந்த கடவுளைப் போற்றும் சொற்கள் அவர் வாயில் பொய்யாகிவிடுமாம்!

அவர் 2006-இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் 'ஜூயிஷ் கிரானிக்கிள்' பத்திரிகையின் வாசகர்கள், பிரிட்டனின் யூதர்களில் எல்லோரிலும் பெரியவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.