மறதிக்கு வினை உண்டா?

லாரி பேட்டரியின் முனைகளை வேண்டுமென்றே மாற்றி மாட்டுபவர் யாரும் இல்லை. ஆனாலும் கெடுதல் நொடியில் முடிந்துவிடுகிறது. கெடுக்கும் எண்ணம் இல்லாமல் நேர்ந்தது செய்தவரின் வினையா, வெறும் விபத்தா? இந்தக் கேள்வி பேட்டரியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும். பாசிட்டிவும் நெகட்டிவும் சரியாக இருக்கும்வரை பேட்டரியின் பார்வையில் அவை மூடிய கதவு. மாறினால் கதவு திறந்துவிடும், பேட்டரி ஷார்ட் ஆகும். பெரிய பியூஸ் முந்திக்கொண்டு எரிந்தால் பிழைத்தது; இல்லையேல் டயோடும் ஒயரிங்கும் கருகும். இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது மாறினால் ஆபத்து அதிகம். இரண்டு பேட்டரிகளும் ஒன்றையொன்று தள்ளி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்திருந்தாலே ஒரு பொறி போதும். பேட்டரி வெடித்தால் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு வந்து நிற்கும் இரண்டு லாரிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. அதில் டயோடு போவதோடு பெரும்பாலும் முடியும். மற்றொன்று 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டி, அதில் இன்ஜினை நடத்தும் கணினிக்கே ஆபத்து. கை ஒன்று, மறதி ஒன்று, இழப்பு மட்டும் வேறு. நெஞ்சின் நிலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே குற்றம். நட்டத்தைப் பார்த்தால் இல்லை. 1976இல் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் இதைப் பேச எடுத்துக்கொண்ட ஆளும், தற்செயலாகவோ என்னவோ, ஒரு லாரி ஓட்டுநர்தான். தன் தவறு இல்லாமலே ஒரு குழந்தை மீது வண்டியை ஏற்றிவிட்டவர். வேடிக்கை பார்த்தவருக்கு இல்லாத ஒரு வருத்தம் அவருக்கு மட்டும் உண்டு; அது இல்லாவிட்டால்தான் அவரைச் சந்தேகிக்க வேண்டும் என்பது வில்லியம்ஸின் வாதம்.

இந்திய மரபில் இது பெரிய வழக்கு. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் புத்தர் மனத்தின் செயலே கனமானது என்கிறார். சமணரான நிகண்டர் தரப்பு உடலின் செயல் என்கிறது. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில் தன் தேரில் சிக்கி இறந்த கன்றை இளவரசன் பார்க்கவே இல்லை. அமைச்சர்கள் பரிகாரம் சொன்னார்கள். அரசன் ஏற்கவில்லை, மகனைத் தேர்க்காலில் இட்டான். நோக்கத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. நீதி என்ற பெயரில் அது அளவு மீறியது என்றுதான் தோன்றுகிறது.

நடுவழியைச் சமண நூலே காட்டுகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்கிறது. லாரிக்கு உயிரில்லை என்பது உண்மை, பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு உண்டு. குறளும் மறதிக்கென்றே பொச்சாவாமை (மறவாமை) என்று 54ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, அளவு கடந்த சினத்தைவிட மறதியைத் தீயதாக வைக்கிறது.

கவனமின்மை என்ற இந்த அளவுகோலை வண்டியின் பக்கவாட்டில் உள்ள பேட்டரிமேல் வைத்தால் வேலை நுணுக்கமாகிறது. லாரியில் 24 வோல்ட்டுக்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவுக்குப் போகும். பூத்துப்போன டெர்மினலில் கூட்டல் குறி தெரியாது. சிவப்பு வயர் கிரீஸ் படிந்து கறுத்திருக்கும், அல்லது முன்பு யாரோ கையில் கிடைத்த கறுப்பு வயரையே போட்டிருப்பார்கள். பாசிட்டிவ் முனை சற்றுத் தடித்திருக்கும். அதையாவது துடைத்துப் பார்த்தாரா என்பதே கேள்வி. பார்க்காமல் மாட்டியவர், ஒன்றும் எரியாவிட்டாலும், பொச்சாந்தவர். துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தும் உள்ளே யாரோ மாற்றி வைத்த ஒயரிங்கால் ஏமாந்தவருக்கு வினையில்லை. அதில் பங்கு அந்த ஒயரிங்கை மாற்றி வைத்தவருக்கு. வில்லியம்ஸ் சொன்ன வருத்தம் மட்டும் மாட்டியவருக்கு எஞ்சும்.