திரும்பியோரும் திருப்பப்பட்டோரும்

பல பொருள் உணர்த்தும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவோர் இடம் நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும் என்பது பொதுவிதி. பொல்பிட்டியவில், லக்சபானாவிலிருந்து சுரங்கவழி வரும் நீரால் 1969 முதல் இயங்கும் நிலையத்தை ஆங்கிலம் 'பவர்' நிலையம் என்கின்றது. அச்சொல்லே அரசின் அதிகாரத்தையும், உடலின் வலிமையையும், கணிதத்தின் அடுக்கையும் குறிக்கும். எனினும் இலங்கைத் தமிழ் 'மின்வலு' என்று பொருளை வரையறுத்துக்கொண்டது. ஈண்டு இடமே பொருளைக் காட்டிவிடுகின்றது. எல்லாச் சொற்களும் இத்துணை எளிதில் வசப்படுவன அல்ல.

மலையகத் தோட்ட மக்களின் வாழ்வை அலைக்கழித்த 'ரிபேட்ரியேஷன்' என்னும் சொல் அத்தகையது. போர்க் கைதிகள் நாடு சேர்தலையும், கம்பனிகள் தம் இலாபத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்லுதலையும் அது ஒருங்கே குறிக்கும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என வகுத்து, அவர்கள் செல்லுதற்கும் இச்சொல்லையே ஆண்டது. தமிழில் அது 'தாயகம் திரும்புதல்' ஆயிற்று.

அகராதி நோக்கில் இதனைப் பிழையென்று தள்ளிவிடல் இயலாது. ஒப்பந்தம் கூறியதைக் கூறுவதே மொழிபெயர்ப்பாளன் கடன்; அதனைத் திருத்துதல் அவன் பணியன்று எனவும் வாதிடலாம். ஆனால் தமிழ் வினை, ஆங்கிலம் மறைத்ததை வெளிப்படுத்திவிடுகின்றது. தமிழில் 'திரும்பு' தன்வினை, 'திருப்பு' பிறவினை. ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். திரும்புதற்கு முன்பு ஓரிடத்தில் இருந்திருத்தலும் வேண்டும். லயத்திற் பிறந்து, கொழுந்து பறித்து, கடல் கடந்தறியாத ஒருத்தி எங்குத் திரும்பினாள்? இலண்டனிற் பதிவு பெற்ற கம்பனியின் இலாபம் இலண்டனுக்குச் சென்றபோது அது உண்மையிலேயே திரும்பியது. அதே சொல் அவளுக்குப் பொருந்துமாறில்லை.

'அனுப்பப்பட்டோர்' என எல்லோரையும் அழைப்பதும் முழு உண்மையாகாது. மூதாதையர் ஊரை நாடி விரும்பி விண்ணப்பித்தோரும் உளர். வேறு வழியின்றிச் சென்றோரும் உளர். அவ்விருசாராரையும் ஒரு சொல்லுள் அடக்குவது ஒருசாராரின் விருப்பத்தையோ மற்றவரின் துயரையோ மறைப்பதாகும்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. ஆனால் நீலகிரி முதலிய இடங்களிற் குடியமர்த்தப்பட்டோர் தமிழ்நாட்டு ஆவணங்களிலே 'தாயகம் திரும்பியோர்' எனவே பதிவாயினர். ஆவணச் சொல்லை மேற்கோளாகக் காட்டுதல் தகும். அதனைத் தம் கூற்றாக ஆளுதல் வேறு. வரலாறு எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் சென்றவர் யார், அனுப்பியவர் யார், பிறந்த மண் எது என வினவி, அவ்விடைக்கேற்ற வினையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பக்கத்தில் மூன்று தமிழ்ச் சொற்கள் வரினும் அது குற்றமாகாது.