ஆலோசனையும் அலமாரியும்

நோயாளியின் நாடி பார்க்க மருத்துவரை அழைப்பான். அவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டை மடித்து அலமாரியில் வைப்பான். "மருத்துவரை அழைத்தேனே, என் கடமை முடிந்தது" என்பான். இப்படி ஒரு குடும்பத் தலைவன் இருந்தால் அவனை அன்புடையவன் என்போமா?

பிற்படுத்தப்பட்ட மக்களுக்கென அமைந்த குழுக்களின் வரலாறு இக்கேள்வியைத்தான் எழுப்புகிறது. 1953-ல் காகா காலேல்கர் தலைமையில் முதல் குழு அமைந்தது. 1955-ல் தந்த அறிக்கையில் 2,399 சாதிகளைப் பின்தங்கியவை என்றது. ஆனால் சாதியை அளவுகோலாக்குவதற்குத் தலைவரே மாறுபட்டுக் கடிதம் எழுதினார். மைய அரசு அறிக்கையை ஏற்கவில்லை. மண்டல் குழு 1980 இறுதியில் 27 விழுக்காடு கேட்டது. மைய அரசுப் பணிகளில் அதை வழங்குவதாக வி. பி. சிங் அரசு அறிவித்தது 1990 ஆகஸ்டில். 1980-ல் இருபது வயது இளைஞன், 1990-ல் முப்பதைத் தொட்டுவிட்டான். அவன் இழந்த பத்தாண்டை எந்த ஆணை திருப்பித் தரும்?

தமிழகத்தில் 1969-ல் அமைந்த சட்டநாதன் குழு 1970-ல் அறிக்கை தந்தது. 1971-ல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 25-லிருந்து 31 விழுக்காடாகவும், தாழ்த்தப்பட்டோர் பங்கு 16-லிருந்து 18 விழுக்காடாகவும் உயர்ந்தன. எனினும், வசதி படைத்தோரை விலக்குக என்ற பரிந்துரையை அரசு ஏற்கவில்லை.

அப்படியானால், குழு சொல்வதெல்லாம் அரசைக் கட்டுப்படுத்த வேண்டுமா? வேண்டாம் என்பேன். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர். வல்லுநர் எழுதினார் என்பதாலேயே எதையும் வேதமாக்குவது பகுத்தறிவு ஆகாது. ஆயின், மறுக்கும் உரிமை மௌனம் காக்கும் உரிமை அன்று! ஏன் மறுத்தாய் என்று கேட்கும் உரிமை, மறுக்கப்பட்டவனுக்கு உண்டு.

1992-ல் உச்ச நீதிமன்றம் நிலையான அமைப்பு வேண்டும் என்றது. 1993-ல் தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதில் அதன் ஆலோசனை பொதுவாக அரசைக் கட்டுப்படுத்தும் என்றது. குறை கேட்டு விசாரிக்கும் அதிகாரமோ அதற்கு இல்லை. 2018-ன் 102-வது அரசியல் சட்டத் திருத்தம் அந்த அதிகாரத்தைத் தந்தது. அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்து, ஏற்காததற்குக் காரணமும் கூற வேண்டும் என்றது. நன்று! ஆனால் எத்தனை நாளுக்குள்? அதை அது சொல்லவில்லை.

திருநீர்மலையில் அடிவாரத்தில் ஒரு கோயில், உச்சியில் ஒரு கோயில். இரண்டையும் இணைக்கப் படிக்கட்டு உண்டு. கல்லுக்கே படி வெட்டத் தெரிந்த நாம், அடித்தட்டு மனிதனின் குரல் ஆட்சிபீடம் ஏறப் படி வெட்டவில்லையே! அறிக்கை வந்த ஆறு திங்களுக்குள் அது அவையில் வைக்கப்பட வேண்டும்; ஏற்பும் மறுப்பும் காரணத்தோடு தாய்மொழியில் வெளிவர வேண்டும்; பாதிக்கப்பட்டோர் குழுவில் அமர வேண்டும். இம்மூன்றும் நாம் வெட்ட வேண்டிய படிகள்.

தோழர்களே! ஆலோசனை கேட்பது பெருந்தன்மை அன்று. கேட்டபின் பதில் சொல்வதே நேர்மை. அந்தப் பதிலைக் கேட்டுப் பெறும் வரை ஓயாதிருப்பது நம் கடமை.