அறிவதெல்லாம் நன்மையாகுமா?

கண்டி தேசிய வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைக்காக உங்கள் தந்தையைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹற்றனிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சம்மதப் பத்திரம் நீட்டப்படுகிறது. "டொக்டர்மாருக்குத் தெரியாததா? கையெழுத்தைப் போடு" என்கிறார் உடன்வந்த மாமா. நீங்களும் போடுகிறீர்கள். அன்பார்ந்த வாசகரே, இது நம்பிக்கையா? பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா?

ஒரு கருவியின் கதையைக் கேளுங்கள். கழுத்து நாளத்தின் வழியே இருதயத்தினுள் புகுத்தி, நுரையீரல் நாடிவரை செலுத்தப்படும் மெல்லிய குழாய் ஒன்றுண்டு. லொஸ் ஏஞ்சலிசில் பணியாற்றிய சுவான், கான்ஸ் என்னும் வைத்தியர்கள் 1970இல் அதன் நுனியில் சிறு பலூனைப் பொருத்தினர். இரத்த ஓட்டமே அதை உள்ளே இழுத்துச் செல்லும். இருதயத்தின் உள்நிலையை அது நொடிக்கு நொடி அறிவிக்கும். உலகெங்கும் பரவியது. அறிவது நல்லதுதானே என்று எண்ணினர்.

ஆனால் 2003இல் வெளியான கனடிய ஆய்வு வேறு கதை சொன்னது. இருதயமல்லாத பிற பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு உள்ளான, ஆபத்து மிகுந்த 1,994 முதியோரில் பாதிப்பேருக்குக் குழாய் இடப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தவர்களோ குழாய் இட்டவர்களில் எட்டுப் பேர், மற்றவர்களில் ஒருவருமில்லை.

குழாய் தீயதென்று நாம் சொல்லவில்லை. நுரையீரல் அழுத்தம் மிகுந்த சில இருதய நோயாளருக்கு அது இன்றும் உதவுகிறது. ஆயினும் அறிவு வேறு, நன்மை வேறு. காய்ச்சலை அளக்கும் கருவி காய்ச்சலைத் தணிப்பதில்லை, உடலைக் காயப்படுத்துவதுமில்லை. இக்குழாயோ அளப்பதற்கே விலை கேட்கிறது: இருதயத் துடிப்புத் தடுமாறலாம், கிருமி தொற்றலாம், அரிதாக நுரையீரல் நாடியே கிழிந்து உயிர் போகலாம்.

ஆகவே கேளுங்கள்: "இது காட்டுவதைக் கொண்டு சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள், ஐயா? வேறு வழியில் அறிய முடியாதா?" புரியாத மொழியில் சொன்னால், தமிழில் விளக்க ஒருவரைக் கேளுங்கள். இது அவமரியாதையன்று. நல்ல வைத்தியர் இதை வரவேற்பார்.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24ஆம் திகதி வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், வைத்தியரின் உரிமை நோயாளி தரும் அனுமதியைச் சார்ந்தது என்று விளக்கினார். மகனின் அனுமதி என்றோ, மாமாவின் அனுமதி என்றோ அவர் சொல்லவில்லை.

பேனாவை எடுக்குமுன் கட்டிலருகே செல்லுங்கள். அப்பாவிடம் யாராவது கேட்டார்களா?